நடந்து வர முடியாத இடம்

"இங்க நடந்து வர முடியுமா?"

எந்த இடத்தைக் காட்டினாலும் அந்த அக்கா முதலில் கேட்பது இதைத்தான். முடியும் என்றால் அவருக்கு அந்த இடம் அத்தோடு முடிந்தது. திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

இலங்கை மலையகத்தில், காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையில் இருந்த ஒரு விடுதியில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். ஒரு காலத்தில் துரை பங்களாவாக இருந்த கட்டடம். இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கிப் போகிறார்கள். நான் வரவேற்பு மேசையில் இருந்தேன். அவர் பின்பக்கம், துணி வெளுக்கும் இடத்தில். நாற்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, பெரிய கைகள். பதினைந்து வருடம் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு விடுதிக்கு வந்தவர். படுக்கை விரிப்புகளை உதறிக் கொடியில் போடும்போது அவர் உதறுகிற சத்தம் என் மேசைவரை கேட்கும்.

ஒரு முறை வயதான வெளிநாட்டுத் தம்பதி ஒன்று வந்து இரண்டு வாரம் தங்கியது. உலகம் பூராவும் நடக்கிற ஒரு விளையாட்டில் அவர்களுக்குப் பைத்தியம். ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தைக் காட்டும் எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே தேடிவருவார்கள். கண்டுபிடித்ததும் பெட்டிக்குள் இருக்கும் சின்னப் புத்தகத்தில் பெயரையும் இரண்டு வார்த்தையும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். பரிசு எதுவும் கிடையாது. அந்தத் தம்பதி நீர்த்தேக்கத்தின் நடுவிலிருந்த ஒரு திட்டில் பெட்டி வைக்க ஆசைப்பட்டது. கயாக் என்கிற ஒடுக்கமான துடுப்புப் படகில் மட்டும்தான் அங்கே போகலாம். ஆனால் பெட்டியைப் பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும் என்பது விதி. புத்தகம் நனைந்தால் மாற்ற வேண்டும், மூடி உடைந்தால் போட வேண்டும்.

மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டார். விடுதியின் படகுக்காரர், ஒரு சிங்களவர், முதுகுவலி என்று சொல்லிவிட்டார். பின்வரிசையில் ஈரக்கையோடு நின்ற அக்காதான் என்னைக் கேட்டார்.

"அந்தப் பெட்டிய யாரும் எடுத்துட்டுப் போகக் கூடாதா?"

"கூடாதுக்கா. பார்த்துட்டு அங்கயே வச்சிடணும்."

"அப்ப நல்ல விளையாட்டு. நான் போறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தண்ணீரில் மூழ்கிப்போனவர்களின் கதை இல்லாத தொழிலாளர் லயம் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. பெண்கள் குளிக்கக்கூட முழங்காலுக்கு மேல் இறங்கமாட்டார்கள். அக்காவுக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் சேலைக்குப் பதில் கணவரின் பழைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மறுநாள் காலை படகுத்துறையில் நின்றார். படகுக்காரர் கரையில் நின்றபடி "பய வென்ன எபா, அக்கே, பய வென்ன எபா" என்று கத்திக்கொண்டே இருந்தார். பயப்படாதே என்று கத்தியவரின் முகத்தில்தான் பயம் இருந்தது. அக்கா முதல் நாள் மூன்று தரம் கவிழ்ந்தார். ஒரு வாரத்தில் திட்டுக்குத் தனியாகப் போய்வந்தார்.

அன்று திரும்பி வந்து கயாக்கைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் சொன்னது இது: "தங்கச்சி, அங்க யாருமே இல்ல."

எதையோ கண்டுபிடித்தவர்போல அதைச் சொன்னார்.

அதன்பிறகு அவரே பெட்டி வைக்கத் தொடங்கினார். சாப்பாட்டுப் பெட்டி ஒன்றை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி, புத்தகமும் பென்சிலும் போட்டு எடுத்துப்போவார். இணையத்தில் பதிவது என் வேலை. அவருக்குத் தமிழ் வாசிக்க வரும், ஆங்கிலம் வராது. நான் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்பார். ஒரு வார்த்தை விடாமல் கேட்பார். போவதற்கு எவ்வளவு சிரமம் என்று நட்சத்திரம் போட வேண்டும். படகு இல்லாமல் முடியாத இடத்துக்கு ஐந்து. அதுதான் உச்சம். "நம்ம ஓட்டலுக்கே நாலுதானே? என் பெட்டிக்கு அஞ்சு" என்று அதில் அவருக்கு ஒரு பெருமை.

ஐந்தைச் சும்மா போட விடமாட்டார். இடம் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் கரையோரமாக நடப்பார். காலில் உப்பும் சவர்க்காரமும் பூசிக்கொண்டு, அட்டை கடிக்கக் கடிக்க, தேயிலை முடிகிற ஓரம்வரை போய், எங்காவது ஒற்றையடிப் பாதை இறங்குகிறதா என்று தேடுவார். மாடு மேய்ப்பவர்களைக் கேட்பார். விறகு வெட்டப் போகிறவர்களைக் கேட்பார். ஒரு முறை நானும் கூடப் போனேன். ஒரு பாறை இடுக்கு அருமையாக இருந்தது. மேலே செங்குத்தான சரிவு, கீழே தண்ணீர்.

"இங்க வைங்கக்கா, யாரும் இறங்க முடியாது."

அக்கா குனிந்து கல்லின் மேல் கிடந்த புழுக்கையை எடுத்துக் காட்டினார். "ஆடு வந்திருக்கு. ஆடு வந்தா ஆள் வரும்."

அந்த இடம் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

எனக்கு இது ஒரு பிடிவாதம் என்றுதான் தோன்றியது. சிரிப்பாகவும் இருக்கும். விருந்தினர்களிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன்.

மாதம் ஒரு முறை புத்தகங்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார். யார் வந்தார்கள், என்ன எழுதினார்கள் என்று நான் வாசித்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் பெயரும் ஊரும்தான் இருக்கும். ஒரு பெண் மட்டும், எந்த நாடோ, ஐந்தாறு வரி எழுதியிருந்தாள். இங்கே ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு நன்றி என்று. அக்கா அதை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார்.

"பாவம்" என்றார்.

"ஏன்க்கா?"

"அவங்க வீட்டுலயும் ஆள் நெருக்கமா இருக்கும்போல."

அவர் வீடு எனக்குத் தெரியும். தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்த தோட்டத்தில், காம்பரா என்கிற ஒற்றை அறை வீடுகள் பன்னிரண்டு ஒட்டிக்கிடக்கிற லயத்தில் எட்டாவது. ஒரு தீபாவளிக்குப் போயிருந்தேன். ஒரே அறை. நடுவில் பழைய சேலையைத் திரையாகக் கட்டி, இந்தப் பக்கம் அக்காவும் கணவரும், அந்தப் பக்கம் கணவரின் தம்பி, அவர் மனைவி, அவர்களின் மூன்று வயது மகள். அடுப்படியில் மாமியார். பக்கத்துக் காம்பராவில் ஒருவர் இருமினால் இங்கே தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம். மட்டச் சுவருக்கு மேலே கூரைவரை திறந்துதான் கிடந்தது. அக்காவின் கணவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். அந்தக் குழந்தை அக்காவின் மடியைவிட்டு இறங்கவேயில்லை. அக்காவுக்குப் பிள்ளை இல்லை என்று மட்டும் எனக்குத் தெரியும்.

வெளியே தண்ணீருக்கு நடுவில் ஒரு திட்டு தெரிந்தது. டர்பன்டைன் என்று தோட்டத்தில் சொல்கிற உயர்ந்த மரங்கள் அடர்ந்த திட்டு. அவருடைய மூன்றாவது பெட்டி அங்கேதான் இருந்தது.

"அங்கயிருந்து பார்த்தா நம்ம லயம் தெரியும் தங்கச்சி. இங்கயிருந்து பார்த்தா அங்க இருக்கிற ஆள் தெரியாது" என்றார்.

அந்தத் திட்டுக்குப் போகிற நாட்களில் மட்டும் திரும்பிவர நேரமாகும். கண் சிவந்திருக்கும். காற்று என்பார். நானும் காற்று என்றே நினைத்தேன்.

மாசி, பங்குனியில் தண்ணீர் இறங்கிவிடும். கரை விரிந்து, வெடித்த சேறு காய்ந்து, திட்டுகள் கரையோடு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வருடமும் அது நடப்பதற்கு முன்பே அக்கா போய், ஒட்டிக்கொள்ளக்கூடிய பெட்டிகளை எல்லாம் எடுத்துவந்துவிடுவார். மழை பிடித்துத் தண்ணீர் ஏறியதும் திரும்ப வைப்பார். தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று காலையில் துணி காயப்போடும்போதே பார்த்துவிடுவார்.

அந்த ஒரு வருடம் மட்டும் அவரால் போக முடியவில்லை. கணவரின் தம்பி மகளுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். விட்டுவிட்டு வருகிற காய்ச்சல். பிள்ளையின் தாய், அக்காவின் ஓரகத்திக்கு, அப்போது வயிற்றில் எட்டு மாதம். அவளால் ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்திருக்க முடியாது. அக்கா லீவு போட்டுவிட்டுப் பிள்ளையோடு இருந்தார்.

அந்த வாரம்தான் கொழும்பிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஓர் அலுவலகத்து ஆட்கள், பதினொரு பேர் வருகிறோம், கயாக் ஓட்டத் தெரியாது, நடந்துபோய்ப் பார்க்கிற மாதிரி பெட்டி ஏதும் இருக்கிறதா என்று. எங்களிடம் இருந்த இரண்டு கயாக்கில் ஒன்று அடி வெடித்துக் கிடந்தது. விடுதியில் விருந்தினர் என்று ஒருவரும் இல்லை. "எப்படியாவது வரச் சொல்லு" என்றார் மேனேஜர். நான் ஜன்னல் வழியே பார்த்தேன். மூன்றாவது பெட்டி இருந்த திட்டுக்கும் அந்தப் பக்கத்துக் கரைக்கும் நடுவில் வெறும் சேறுதான் இருந்தது. இணையத்தில் அந்தப் பெட்டிக்கான பக்கத்தைத் திறந்து, விவரத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். வறட்சி மாதங்களில் எதிர்க்கரைத் தோட்டத்திலிருந்து நடந்தும் போகலாம்.

ஒரே ஒரு வரி. அக்காவைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஆஸ்பத்திரியில் இருப்பவரை இதற்காக எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்றும் தோன்றியது. இரண்டாவது யோசனை எனக்கு வசதியாக இருந்தது.

அவர்கள் வந்தார்கள். அக்காவின் தோட்டத்திலேயே ஒருவரை வழிகாட்டக் கூட்டிக்கொண்டு சேற்றில் நடந்து போனார்கள். பெட்டி கிடைத்தது. புத்தகத்தில் எழுதினார்கள், படம் எடுத்தார்கள். அதோடு போயிருக்கலாம். கூட்டத்தில் ஒருவருக்கு, பக்கத்து மரத்தடியில் அடுக்கியிருந்த கற்கள் உறுத்தியிருக்கிறது. அதையும் புரட்டினார். அடியில் ஒரு பால்மா டின் இருந்தது. திறந்தால் உள்ளே ஒரு குழந்தைச் சட்டை. மஞ்சள் நிறம், கழுத்தில் சின்னதாகப் பூ வேலை. அவர்கள் அதை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். வழிகாட்டப் போனவர் பார்த்ததை லயத்தில் சொன்னார்.

மறுநாள் பிற்பகல் படகுக்காரர் என் மேசைக்கு ஓடி வந்தார். அக்காவைக் கோயிலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம், தோட்டமே கூடியிருக்கிறதாம். முச்சக்கரவண்டியில் போனேன்.

மாரியம்மன் கோயில் முன்னால் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். நடுவில் அக்கா. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தார். கையில் இன்னும் சுடுதண்ணீர்ப் போத்தல் இருந்தது. அவருக்கு முன்னால் தரையில், தோட்டத்து ஆட்கள் போய் எடுத்துவந்த அந்த டின். கோயில் கமிட்டித் தலைவர் மரியாதையான மனிதர். அன்றும் மரியாதையாகத்தான் பேசினார்.

"இது ஒங்களுதாம்மா?"

"ஆமா."

"எதுக்கு அங்க கொண்டுபோயிப் பொதச்சீங்க?"

"பொதைக்கல. வச்சிருந்தேன்."

"யாரு சட்ட?"

"எம்புள்ள சட்ட."

ஒரு கிழவி சொன்னாள்: "செத்துப் பன்னெண்டு வருஷமான புள்ளையோட சட்டய எவளாவது தண்ணிக்கு நடுவுல கொண்டுபோயி வைப்பாளா? இங்க ஒரு புள்ள காச்சல்ல கெடக்கு."

செய்வினை என்ற வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பிள்ளையில்லாதவள், ஒரே அறைக்குள் பிள்ளை உள்ளவள், இன்னொன்று வயிற்றில். எல்லாக் கண்களும் ஓரகத்தியின் வயிற்றுக்குப் போய்த் திரும்பின. அவள் முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள்.

நான் முன்னால் போனேன். இது ஒரு வெளிநாட்டு விளையாட்டு, உலகம் முழுக்க இப்படிப் பெட்டி வைக்கிறார்கள் என்று சொன்னேன். போனில் படமெல்லாம் காட்டினேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார்.

"வெளையாட்டுப் பெட்டிய நாங்க தொடல மிஸ். அது அங்கயே இருக்கு. இந்தச் சட்ட வெளையாட்டா?"

போனை அணைத்தேன். அந்த ஆட்கள் அங்கே எப்படி நடந்து போனார்கள் என்பதையும் நான் சொல்லவில்லை.

அக்காவின் கணவர் மட்டும், "அது எங்க புள்ளையோடதுதான்ங்க, எனக்குத் தெரியும்" என்றார். இரண்டு முறை சொன்னார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. பூசாரி எலுமிச்சம்பழம் அறுத்துப் பிழிந்து, சட்டையின் மேல் கற்பூரம் வைத்துக் கொளுத்தினார். அக்கா அழவில்லை. நைலோன் துணி, சுருண்டு சுருண்டு எரிந்தது. எரிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தலைவரிடம், "புள்ளைக்குச் சுடுதண்ணி கொண்டுபோகணும். போகலாங்களா?" என்று கேட்டார்.

"அவங்க போகட்டும்" என்று ஓரகத்தியைக் காட்டினார் தலைவர்.

மூன்று நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. தோட்டத்துக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

அக்கா வேலைக்கு வந்தார். விரிப்புகளை உதறிக் கொடியில் போட்டார். மத்தியானம் சாப்பிடாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் கேட்காமலே சொன்னார்.

"பதினோரு மாசம் இருந்துச்சு தங்கச்சி. மூணு நாள் காச்சல். அடக்கம் பண்ணிட்டு வந்தப்ப வீட்டுல ஒரு துணி இல்ல. எல்லாத்தையும் மாமி எரிச்சிட்டாங்க. செத்த புள்ள சாமான் இருந்தா அடுத்தது தங்காதுன்னாங்க. கெட்ட மனசு இல்ல, பயம். அந்தச் சட்ட மட்டும் கொடியில ஈரமாக் கெடந்துச்சு. தலகாணிக்குள்ள வச்சுத் தச்சேன். பஞ்சு மாத்துறப்ப கண்டுபுடிச்சாங்க. கொழுந்துக் கூடைக்கு அடியில வச்சேன், கண்டுபுடிச்சாங்க. ஒவ்வொரு தடவையும் நான் கெஞ்சி வாங்குவேன். ஒரு காம்பரால எங்க வைக்கிறது? அழுறதுக்கும் எடம் இல்ல. நான் அழுதா பன்னெண்டு வீட்டுக்கும் கேக்கும். மறுநாள் வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுல கேப்பாங்க, ராத்திரி ஏன் அழுதன்னு."

கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"அங்க போனா மடியில வச்சுக்கிட்டு சத்தமா அழுவேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல தங்கச்சி."

பிறகு, "புள்ள எந்திரிச்சு நடக்குதாம். இட்டலி சாப்பிட்டுச்சாம். அது போதும்" என்றார். வீட்டில் பிள்ளையை அவரிடம் தருவதை நிறுத்தியிருந்தார்கள். அந்த "நடக்குதாம்" அங்கிருந்து வந்தது.

அடுத்த இரண்டு வாரத்தில் எல்லாப் பெட்டிகளையும் எடுத்துவந்தார். தண்ணீர் இறங்கியிருந்ததால் பல இடங்களில் கயாக்கைச் சேற்றில் தோளால் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது. படகுக்காரர் கூடப் போகிறேன் என்றார், விடவில்லை. வெளிநாட்டுத் தம்பதி வைத்த முதல் பெட்டியை மட்டும் படகுக்காரரிடம் ஒப்படைத்தார். வைகாசியில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. இப்போதும் அங்கேதான் இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் கணவரோடு பேசுவாராம். அங்கே அவருக்குச் சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள், தாழ்ப்பாள் வெளிப்பக்கம் என்று படகுக்காரர் ஒரு நாள் சொன்னார்.

போவதற்கு முந்தைய நாள், என் வரவேற்பு மேசை இருந்த அலுவலகத்துக்கு வந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார்.

"இணையத்துல இருக்கிறத எல்லாம் மூடிடுங்க தங்கச்சி. யாராவது தேடி வந்து ஏமாறக் கூடாது."

ஒவ்வொன்றாக மூடினேன். மூன்றாவது பெட்டியின் பக்கத்தைத் திறந்ததும், "நில்லுங்க. என்ன எழுதியிருக்குன்னு ஒருக்கா வாசிங்க" என்றார்.

தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். டர்பன்டைன் மரங்கள், கல் அடையாளம், காலையில் காற்று குறைவு. கடைசி வரி வந்தது. விட்டுவிடலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை விடாமல் கேட்கிற அதே முகத்தோடு. வாசித்தேன்.

"வறட்சி மாதங்களில் எதிர்க்கரைத் தோட்டத்திலிருந்து நடந்தும் போகலாம்."

"அது யாரு எழுதுனது?"

"நான்தான்க்கா."

"எப்ப?"

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப."

வெளியே யாரோ கொடியில் துணி போடும் சத்தம் கேட்டது. புதிதாக வந்த பெண். அக்கா அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"ஒங்க வீட்டுல ஒங்களுக்குன்னு தனி ரூம் இருக்குங்களா தங்கச்சி?"

"இருக்குக்கா."

"கதவு?"

"இருக்கு."

"அப்பத் தெரிஞ்சிருக்காது" என்றார். குரலில் கோபம் இல்லை. தனக்கே சொல்லிக்கொண்டதுபோல இருந்தது.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர் நின்று, திரும்பி, கண் கலங்கியிருந்த என் முகத்தைப் பார்த்தார். விருந்தினர்கள் வந்து போகிற அறை என்பதால் அந்த அலுவலகக் கதவை நாங்கள் ஒரு நாளும் சாத்தியதில்லை. அக்கா வெளியே போய், அதை மெதுவாக இழுத்து, சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.